போலந்து இராணுவ பேட்ஜ் அசலா, நகலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்சாவுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் வோலா பகுதியில் இருக்கும் கோவோ பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு முதியவர் கார் பானெட்டின் மேல் கறுப்பு வெல்வெட் துணி விரித்து இருபது முப்பது பேட்ஜ்களை அடுக்கியிருந்தார். கழுகு, சிலுவை, நீலமும் சிவப்புமாக எனாமல். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பைத்தியம் இன்னும் விடவில்லை. இந்தச் சின்னங்களைச் சேர்க்க ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"போலந்து பேட்ஜ்" என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

சேகரிப்பவர்கள் இதைக் காலம் காலமாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். முதல் உலகப் போரின்போது, போலந்து விடுதலைக்காகத் திரண்ட தலைவர் பில்சுட்ஸ்கியின் லீஜியன்கள், அதாவது தன்னார்வப் படைகள், அணிந்தவை ஒரு வகை. 1918-க்கும் 1939-க்கும் இடையே, சுதந்திரப் போலந்தின் ஒவ்வொரு ரெஜிமென்டும் தனக்கென்று வைத்துக்கொண்ட "ஒட்ஸ்நாகா புவுக்கோவா", அதாவது ரெஜிமென்ட் பேட்ஜ், இரண்டாவது. குதிரைப்படையில் மட்டும் 40 ரெஜிமென்டுகள் இருந்தன. காலாட்படையும் பீரங்கிப்படையும் தனி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன், மத்திய கிழக்கு, இத்தாலி என்று அலைந்த போலந்துப் படைகள் அணிந்தவை மூன்றாவது. சோவியத் பக்கம் 1943-இல் உருவான படையும் அதற்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலமும் நான்காவது. 1990-க்குப் பிறகு வந்தவை ஐந்தாவது.

பணமும் போலியும் குவிந்து கிடப்பது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். ஆகவே இந்தப் பக்கம் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே போகும்.

ஏன் இவ்வளவு நகல்கள் உலவுகின்றன?

அசல் குறைவு. 1939 செப்டம்பரில் ஒரு பக்கம் ஜெர்மனியும் மறுபக்கம் சோவியத்தும் நுழைந்தபோது, போலந்து அதிகாரி என்று காட்டிக்கொடுக்கும் எதையும் வீட்டில் வைத்திருப்பது ஆபத்தாகிவிட்டது. தோட்டத்தில் புதைத்தார்கள், ஆற்றில் எறிந்தார்கள், உருக்கினார்கள். போர் முடிந்தபின், நாடு திரும்பாமல் லண்டனிலேயே தங்கிவிட்ட பழைய வீரர்கள் தொலைந்ததற்குப் பதிலாகத் தங்கள் ரெஜிமென்ட் பேட்ஜைப் புதிதாகச் செய்து வாங்கிக்கொண்டார்கள். போலந்துக்குள்ளும் பட்டறைகள் நினைவுச் சின்னமாக மறுபடி அடித்தன. இப்போது பழைய சீருடை அணிந்து போர்க்காட்சி நடத்தும் குழுக்களுக்காகவே தனியாகச் செய்து விற்கிறார்கள்.

இவர்கள் யாரும் ஏமாற்றச் செய்யவில்லை என்பதை மனதில் வையுங்கள். நகல் "கோபியா" என்ற பெயரோடுதான் பட்டறையை விட்டு வெளியே வருகிறது. நாலு கை மாறி, ஐந்தாவது கையில் "எங்கள் தாத்தாவுடையது" ஆகிவிடுகிறது. ஏமாற்றவென்றே செய்தால் அது "ஃபால்சிஃபிகாட்". உங்கள் உள்ளங்கையில் இருக்கும்போது இரண்டுக்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாது.

கையில் கிடைத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்கம். முன்பக்கத்தை ரசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1918–1939 காலத்து ரெஜிமென்ட் பேட்ஜ்கள் இடது மார்புப் பையில் அணியப்பட்டவை. பின்னால் மரை வெட்டிய ஒரு சிறு தண்டு இருக்கும். சட்டைத் துணியில் துளையிட்டு அதை நுழைத்து, உள்பக்கம் வட்டத் தகடு போன்ற ஒரு நட்டை முடுக்குவார்கள். நம் வீட்டுத் தோடும் திருகாணியும் எப்படியோ அப்படியேதான். பாட்டியின் தோட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? தண்டு லேசாகச் சாய்ந்திருக்கும், மரையின் முனைகள் மழுங்கியிருக்கும், திருகாணியின் உள்பக்கம் உடம்போடு உரசிய இடம் மட்டும் பளபளக்கும். எண்பது தொண்ணூறு வருடம் பழைய பேட்ஜிலும் அதே தேய்மானம் தெரிய வேண்டும். பேட்ஜ் முகம் முழுக்கக் கறுத்து, மரை மட்டும் நேற்று வெட்டியதுபோலக் கூர்மையாக இருந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

அடுத்து, தண்டு உடலோடு சேரும் இடம். பழைய பட்டறையில் பற்றாசு வைத்து ஊதிப் பற்றவைத்திருப்பார்கள். அது சாம்பல் நிறத்தில், கொஞ்சம் ஒழுங்கற்று, ஆனால் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். தண்டும் உடலும் ஒரே உலோகமாக, இணைப்பே தெரியாமல் வழுவழுவென்று வளைந்து சேர்ந்தால் அது சேர்த்தே வார்க்கப்பட்டது. பளபளக்கும் குமிழாக ஈயம் நின்றால் யாரோ பிற்பாடு தண்டை மாற்றியிருக்கிறார்கள். தண்டை மாற்றியதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, அணிந்து அணிந்து ஒடிந்தவை நிறைய. ஆனால் விலையைக் குறைத்துப் பேச அது போதும்.

அச்சில் அடித்ததா, வார்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல்கள் பெரும்பாலும் எஃகு அச்சில் அடித்தவை. அடி விழும்போது உலோகம் அச்சின் மூலைமுடுக்கு வரைக்கும் நெருக்கித் தள்ளப்படும். அதனால் கோடுகளின் ஓரம் கத்திபோல இருக்கும், பின்னணிப் பரப்பு இறுகி வழுவழுக்கும். போலி செய்பவர் ஓர் அசலை எடுத்து அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து வார்க்கிறார். உருகிய உலோகம் எல்லா இடுக்கிலும் நுழையாது. கழுகின் இறகுக் கோடுகள் சோப்புக் கட்டியில் செதுக்கினாற்போல மொழுக்கென்று ஆகிவிடும்.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில், மேசையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். எழுத்துகளின் இடையே ஊசி குத்தினாற்போல நுண்ணிய குழிகள் தெரிகின்றனவா? மணி மணியாகச் சிறு முண்டுகள்? இவை வார்ப்பில் சிக்கிய காற்றின் அடையாளம். ஓரத்தைச் சுற்றிலும் மெல்லிய தையல் கோடு ஓடினாலோ, அதை அரத்தால் ராவி மறைத்த குறுக்குக் கீறல்கள் இருந்தாலோ, அதே கதைதான்.

இன்னொன்று அளவு. உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலிலிருந்து நகல் எடுத்து வார்த்தால் அது தாயைவிட ஒன்றிரண்டு சதவீதம் சிறிதாகிவிடும். 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சிலுவை 39-ஐ ஒட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் காலிப்பருக்குத் தெரியும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்திருந்தால் இன்னும் சுருங்கும். சந்தையில் இதை "ஓட்லெஃப்", அதாவது வார்ப்பு, என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விற்பவர் முகம் மாறும்.

ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் உதவியோடு எஃகு அச்சே புதிதாக வெட்டி அடிக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அதனால் "அடித்தது" என்பதாலேயே "அசல்" ஆகிவிடாது. அப்படிப்பட்டவற்றில் ஓரங்கள் அளவுக்கு மீறிச் சீராக இருக்கும். கைச்செதுக்கலின் சின்னச் சின்னத் தடுமாற்றம் எங்கேயும் தெரியாது.

எனாமலை வைத்துச் சொல்ல முடியுமா?

நிறையவே சொல்லலாம். பழைய எனாமல் என்பது கண்ணாடிப்பொடி. உலோகத்தின் மேல் நிரப்பி, சூளையில் உருக்கி, பிறகு தேய்த்துச் சமப்படுத்துவார்கள். அதனால் பரப்பு கண்ணாடிபோலக் கெட்டியாக, உலோக வரம்போடு ஒரே மட்டத்தில் நிற்கும். உடைந்தால் கண்ணாடித் துண்டு தெறித்தாற்போலச் சிப்பி வடிவில் பெயரும்.

மலிவு நகலில் இருப்பது "குளிர் எனாமல்": நிறம் கலந்த பிசின். காயும்போது நடுவில் தொய்ந்து, ஓரங்களில் வரம்பின்மேல் ஏறி நிற்கும். தம்ளரில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நிற்பதைப்போல. லென்ஸில் உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். இடித்தால் உடையாமல் பள்ளம் விழும். சூடான ஊசியை வைத்தால் இளகும். ஆனால் வாங்காத பொருளில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

நல்ல அதிகாரி பேட்ஜ் சிலவற்றில் ஒளி ஊடுருவும் எனாமலுக்கு அடியில் உலோகத்தில் நுண்ணிய அலைக்கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். சாய்த்தால் உள்ளிருந்து ஒளி ஓடும். இதைப் பிசினில் கொண்டுவருவது கஷ்டம். அப்படி ஒன்றைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிய ஒரு மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அடர் நீலத்துக்குக் கீழே மீன்குஞ்சு நெளிந்ததுபோல ஒரு வெளிச்சம்.

அதேநேரம் எனாமலே இல்லையென்றால் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரிகளுக்கு எனாமலோடு, பெரும்பாலும் வெள்ளியில். சிப்பாய்களுக்கு எனாமல் இல்லாமல், ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி, உண்மையில் நிக்கல் சேர்ந்த செம்புக் கலவை) அல்லது செம்பு அதிகம் கலந்த டோம்பாக் என்ற பித்தளையில். ஒரே ரெஜிமென்டில் இரண்டும் உண்டு.

நட்டில் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கிறது. அது போதாதா?

போதாது. புதிதாக வருகிறவர்கள் விழுகிற முதல் குழி இதுதான்.

வார்சாவின் கோந்தார்ச்சிக், நகால்ஸ்கி, மிஹ்ரோவ்ஸ்கி, வூச் நகரின் கிராப்ஸ்கி போன்ற பட்டறைகளின் பெயர் பொறித்த நட்டுகள் அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டன. கோந்தார்ச்சிக்கின் நட்டில் மியோடோவா தெரு 19 என்று முகவரியே இருக்கும். போர்க்காலத்தில் வெளிநாட்டில் செய்தவற்றில் லண்டனின் ஜே. ஆர். காண்ட், எடின்பரோவின் கிர்க்வுட், மிலானின் லோரியோலி ஆகிய பெயர்களைப் பார்க்கலாம். இவை எல்லாம் உண்மையான பெயர்கள். சிக்கல் என்னவென்றால் நட்டு கழன்று வரும். உடைந்துபோன ஒரு சாதாரணப் பேட்ஜின் அசல் நட்டை எடுத்து, புதிதாக வார்த்த அபூர்வப் பேட்ஜின் பின்னால் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துக் கட்டியதற்குப் போலந்துச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் "ஸ்க்வாடாக்".

நட்டைச் சுழற்றிப் பாருங்கள். கணவன் மனைவி மாதிரி பழகிய மரையும் நட்டும் வழவழவென்று ஏறும். வேறு வீட்டு நட்டு இரண்டு சுற்றில் இறுகும், அல்லது தொளதொளவென்று ஆடும். பிறகு நட்டைக் கழற்றி, அது மூடியிருந்த இடத்தைப் பாருங்கள். பல காலம் ஒன்றாக இருந்திருந்தால் பேட்ஜின் முதுகில் நட்டின் வட்டம் நிழல்போலப் பதிந்திருக்கும்.

பெயரே பொறிக்காத நட்டும் அசலோடு வரும். அதனால் பெயர் இல்லாததும் குற்றமில்லை.

வெள்ளி முத்திரை?

அந்தக் காலப் போலந்து வெள்ளியில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்ணின் முகம் முத்திரையாக இருக்கும். அருகே தரத்தைக் குறிக்கும் எண்: 1 என்றால் ஆயிரத்துக்கு 940 பங்கு வெள்ளி, 2 என்றால் 875, 3 என்றால் 800. முத்திரை இவ்வளவு சின்னதாக இருப்பதால் வார்ப்பில் முதலில் அழிவது அதுதான். லென்ஸில் முகம் முகமாகத் தெரியாமல் ஒரு பொட்டாக நின்றால் அது முத்திரையின் நகல். வெள்ளியில் செய்த போலிகளும் இருக்கின்றன. பேட்ஜின் விலைக்கு முன்னால் அதிலுள்ள வெள்ளியின் விலை ஒன்றுமே இல்லை.

எண் பொறித்த பேட்ஜ் என்றால் நம்பலாமா?

எண் ஒரு துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் சில நேரம் வீட்டு வாசல் வரைக்கும் போகலாம்.

மான்டே காசினோ சிலுவையை எடுத்துக்கொள்வோம். 1944 மே மாதம் இத்தாலியில் அந்த மலைமீதிருந்த மடத்தை ஜெனரல் ஆண்டர்ஸின் போலந்து 2-ஆம் கோர் (பெரும் படைத்தொகுதி) பிடித்தது. அதில் பங்கெடுத்தவர்களுக்காக ஏறத்தாழ 50,000 வெண்கலச் சிலுவைகள் டெல் அவீவில் செய்யப்பட்டன. முன்னால் "மான்டே காசினோ மாய் 1944" என்று இருக்கும், "மாய்" என்றால் மே. பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்த எண்கள் படைப்பிரிவு வாரியாகத் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டவை. ஆகவே எண்ணை வைத்தே இது பீரங்கிப் படையைச் சேர்ந்ததா, மருத்துவப் பிரிவா என்று சொல்லிவிட முடியும். விற்பவர் "டாங்கி ஓட்டியவருடையது" என்று சொல்லி, எண் வேறு பிரிவைக் காட்டினால் கதை பொய், சிலுவை ஒருவேளை மெய். எண்ணே இல்லாதது பிற்காலத்தில் மாற்றாகச் செய்ததாகவோ நகலாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். (அதே மலையில் சில மாதங்களுக்கு முன், பிப்ரவரியிலும் மார்ச்சிலும், இந்திய 4-ஆம் டிவிஷன் போரிட்டது. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் கம்பெனி ஒன்றும் அந்த டிவிஷனில் இருந்தது. சிலுவையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.)

எண் எப்படிப் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்த நாளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் உளி, ஒரு சுத்தியல் அடி. ஒன்று ஆழமாக விழும், ஒன்று சற்றுச் சாயும், உளி இறங்கிய இடத்தில் உலோகம் ஓரத்தில் பிதுங்கும். லேசர் எண்ணில் எல்லாம் ஒரே ஆழம், அடிப்பரப்பு சொரசொரப்பாகக் கருகியிருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பாராசூட் வீரர்களின் பேட்ஜ், "ஸ்நாக் ஸ்பாடொஹ்ரோனோவி": தலைகீழாகப் பாய்ந்து இறங்கும் கழுகு. 1941-இல், வெளிநாட்டில் இருந்த போலந்துப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் சிகோர்ஸ்கியின் காலத்தில் வந்தது, வடிவமைத்தவர் ஓவியர் மரியான் வலென்டினோவிச். பின்பக்கம் "தோபியே ஓய்ச்சிஸ்னோ" என்ற வரி, "தாய்நாடே, உனக்காக" என்று பொருள், கூடவே எண். போரில் குதித்தவர்களுடைய கழுகின் நகங்களில் பொன்னிற இலைவளையம் சேரும். ஓர் இணைய ஏலத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். விற்றவர் முன்பக்கத்தை ஏழு கோணத்தில் படமெடுத்திருந்தார், பின்பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் மங்கல். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பணம் கட்டினேன். வந்து சேர்ந்ததும் லென்ஸை வைத்தால் "ஓய்ச்சிஸ்னோ" முழுக்க எழுத்துகள் மழையில் ஊறிய மாவுக்கோலம்போல வீங்கி நிற்கின்றன. எண் லேசர். இறகுகளின் நடுவே மூன்று குழிகள். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு போயிற்று.

என் பேட்ஜ் பட்டியல் நூலில் உள்ள படத்தைப்போல இல்லை. போலியா?

அவசரப்படாதீர்கள். இங்கேதான் அனுபவசாலிகளும் தப்பு செய்வார்கள். ரெஜிமென்ட் பேட்ஜின் வடிவத்தை அமைச்சகம் அங்கீகரித்தாலும், அரசு ஒரே இடத்தில் அடித்து எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ரெஜிமென்ட் தனக்குப் பிடித்த பட்டறையில் செய்தது. அதிகாரிகள் பலர் தங்கள் சொந்தக் காசில், தங்களுக்குத் தெரிந்த நகைக்காரரிடம் செய்துகொண்டார்கள். ஒரே பேட்ஜை மூன்று பட்டறைகள் செய்திருந்தால் கழுகின் கழுத்து மூன்று விதமாக வளைந்திருக்கும். கிரீடத்தின் உயரம், நீலத்தின் அடர்த்தி எல்லாமே மாறும். ஆகவே, வடிவ வித்தியாசத்தைவிட வேலைத்தரத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கொல்லன் வேறு விதமாகச் செய்திருப்பான், மோசமாகச் செய்திருக்கும் வாய்ப்பு குறைவு.

போர்முனையில் செய்தவை விதிவிலக்கு. பாலைவனத்திலும் இத்தாலிய ஊர்களிலும் கிடைத்த தகட்டில் கிடைத்த ஆளை வைத்து மணலில் வார்த்ததும் உண்டு. அவை அசலாகவே முரடாக இருக்கும். தனிப் படிப்பு அது.

போலிஷ் மொழி தெரியாது. எழுத்தை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். போலிஷ் எழுத்துகளில் சில அடையாளங்கள் கூடுதலாக உண்டு: "எல்" குறுக்கே ஒரு சாய்கோடு, "ஓ" தலையில் ஒரு கீற்று, "ஏ", "ஈ" காலடியில் ஒரு வால். குதிரைப்படை வீரர்களைக் குறிக்கும் "உவானூவ்" என்ற சொல்லில் கோடிட்ட எல்லும் கீற்றுடைய ஓவும் வரும். வெளிநாட்டில் அவசரமாகச் செய்த நகல்களில் இந்தக் கோடும் கீற்றும் காணாமல் போகும். நம் மொழியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதுபோல. அசல் பேட்ஜின் அச்சு வெட்டியவர் போலிஷ்காரர். அவர் அதை மறக்க மாட்டார்.

காலத்தை வைத்தே ஒதுக்கிவிடக்கூடியவை எவை?

கிரீடம் நல்ல அளவுகோல். 1920-களிலும் 1930-களிலும் போலந்து இராணுவக் கழுகுக்குத் தலையில் கிரீடம் உண்டு. 1943-இல் சோவியத் மண்ணில் கோஷ்சூஷ்கோ டிவிஷன் என்ற போலந்துப் படை உருவானபோது கிரீடமில்லாத கழுகு தொப்பிக்கு வந்தது. அந்தப் பறவையின் உருவத்தைப் பார்த்து வீரர்களே "குரிட்சா", அதாவது பெட்டைக்கோழி, என்று கிண்டல் செய்தார்கள். 1990-இல்தான் கிரீடம் திரும்பியது. ஆகவே "1937-ஐச் சேர்ந்தது" என்று சொல்லப்படும் கிரீடமில்லாக் கழுகைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

இன்னொன்று, உள்நாட்டுத் தலைமறைவுப் படையான ஆர்மியா கிரயோவா. 1944-இல் ஜெர்மானியருக்கு எதிராக வார்சா கிளர்ச்சியை நடத்தியது அதுதான். "வார்சா கிளர்ச்சியில் சண்டை போட்டவர் 1944-இல் நெஞ்சில் அணிந்த ஆர்மியா கிரயோவா சிலுவை" என்று விற்பார்கள். அந்தச் சிலுவை 1966-இல் லண்டனில் ஏற்படுத்தப்பட்டது. வார்சா கிளர்ச்சிச் சிலுவை 1981-இல். பொருள் அசலாகவே இருக்கலாம், ஆனால் கிளர்ச்சியின் புகையைப் பார்த்ததல்ல.

எவற்றில் போலி மிக அதிகம்?

பாராசூட் கழுகு, சொன்னேனே. விமானிகளின் பேட்ஜ்: சங்கிலியில் தொங்கும் கழுகு, அலகில் இலைவளையம், செல்லப்பெயர் "காப்பா". சிற்பி கிரூபெர்ஸ்கி வடித்தது. போர்ப் பறப்பு செய்தவர்களுக்கு வளையத்தின் இலைகள் பச்சை எனாமலில் இருக்கும். சாதாரணக் காப்பாவில் பச்சைப் பெயின்ட் தடவி விலை ஏற்றியவற்றைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டன் வான்போரில் பேரெடுத்த போலந்து விமானிகளின் 303-ஆம் ஸ்குவாட்ரனின் சின்னம், குதிரைப்படை ரெஜிமென்டுகளின் பேட்ஜ்கள், லீஜியன் காலத்தின் "விசுவாசமான சேவைக்கு" என்ற 1916-ஆம் ஆண்டு பேட்ஜ். கதை எங்கே இருக்கிறதோ அங்கே போலி இருக்கும். பின்தளக் கணக்குப் பிரிவின் பேட்ஜைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

பழசாகத் தெரிகிறதே, அது நிஜமான பழமையா?

கந்தகக் கரைசலில் முக்கினால் வெள்ளி ஐந்து நிமிடத்தில் கறுக்கும். வினிகர், அம்மோனியா, ஈர மண் என்று வைத்தியங்கள் பல. நிஜமான பழமை, தொட்ட இடத்தில் வெளுத்தும் தொடாத இடத்தில் கறுத்தும் இருக்கும். இரண்டும் மெல்ல ஒன்றில் ஒன்று கரையும். செயற்கைக் கறுப்பு பள்ளங்களில் மையாகத் தேங்கி, மேடுகளில் துணியால் துடைத்த தடத்தோடு நிற்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு முதுகில் ஓர் ஓரத்தில் தேய்த்தால் சிலது கையோடு வந்துவிடும். எனாமல் பக்கம் போகாதீர்கள்.

அசல் என்று தெரிந்தபின் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பாத்திரமில்லை அது.

காந்தம், புற ஊதா விளக்கு, எக்ஸ்-ரே கருவி?

காந்தம் இலவசம். வெள்ளியோ பித்தளையோ என்று சொல்லப்படுவது காந்தத்தில் ஒட்டினால் பேச்சு முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. புற ஊதா விளக்கில் பிசின் எனாமலும் புதிய பசையும் பெரும்பாலும் ஒளிரும். எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவி உலோகக் கலவையைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

ஆவணத்தோடு வந்தால் நம்பலாமா?

"லெகிடிமாட்சியா" எனப்படும் சான்று அட்டையில் பெயர், எண், தேதி, ரெஜிமென்ட் முத்திரை இருக்கும். அட்டை அசலாகவும் பேட்ஜ் நகலாகவும் இருக்கும் ஜோடிகள் ஏராளம், ஏனென்றால் அட்டை காகிதம், அலமாரியில் பிழைத்தது, பேட்ஜ் தொலைந்தது. எண் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். பெயரைக் கொண்டு வார்சாவின் மத்திய இராணுவ ஆவணக் காப்பகத்திலும், வெளிநாட்டுப் படைகள் என்றால் லண்டனின் போலந்து நிறுவனம்-சிகோர்ஸ்கி அருங்காட்சியகத்திலும் தேடலாம். வார்சாவின் போலந்து இராணுவ அருங்காட்சியகம் உறுதியான அசல்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது. அங்கே ஒரு மதியம் நின்று பார்ப்பது பத்துப் புத்தகத்துக்குச் சமம். விற்பவரே எழுதிக் கையெழுத்திட்ட "உத்தரவாதச் சான்று" என்பது தன் தோசை நன்றாயிருக்கிறது என்று மாஸ்டரே சொல்வது.

இணையத்தில் படம் பார்த்து வாங்கலாமா?

வாங்குகிறோம், வேறு வழி? ஆனால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பின்பக்கம் நட்டோடு, நட்டில்லாமல், தண்டின் அடி, நட்டின் இரு முகமும், ஓரத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம், சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள், மில்லிமீட்டரில் அளவு, கிராமில் எடை. "நேரமில்லை", "படத்தில் இருப்பதுதான்" என்ற பதில் வந்தால் அதுவே பதில். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வியாபார நிறுவனத்திடம் இணையத்தில் சாதாரணமாக வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை உண்டு. தனிநபர் விற்றால் அது கிடையாது. "அசல்" என்று விற்பவர் எழுத்தில் சொன்னதைப் பத்திரப்படுத்துங்கள். "நான் நிபுணன் இல்லை, படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்" என்று எழுதும் ஆளுக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரியும்.

மண்ணில் தோண்டி எடுத்தது என்று விற்கிறார்கள்…

போலந்தில் மெட்டல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தை மீறி எடுத்ததை வாங்கித் தலைவலியை விலைக்கு வாங்காதீர்கள். "காத்தின் மண்ணிலிருந்து" என்று கிசுகிசுத்து விற்பவர்களும் உண்டு. 1940-இல் சோவியத் ரகசியப் போலீஸ் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளையும் பிறரையும் சுட்டுக் கொன்ற படுகொலை அது. அந்தக் குழிகளில் கிடைத்த பொத்தான்களும் கழுகுகளும் வார்சா சிட்டடெல் கோட்டையில் உள்ள காத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சந்தைக்கு வருவது பொய்யென்றால் ஏமாற்று. மெய்யென்றால் பிணத்தின் சட்டையிலிருந்து பிடுங்கியது. இரண்டில் எதையும் நான் தொடுவதில்லை.

இந்தியாவில் அசல் கிடைக்க வாய்ப்பு உண்டா?

குறைவு, ஆனால் இருக்கிறது. சோவியத்திலிருந்து வெளியேறிய போலந்து அகதிக் குழந்தைகளுக்கு 1942-இல் ஜாம்நகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி பாலாசடியில் இடம் கொடுத்தார். கோலாப்பூர் அருகே வலிவடேயில் 1943 முதல் 1948 வரை இருந்த முகாமில் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்களுடைய அப்பாக்களும் அண்ணன்களும் பலர் ஆண்டர்ஸின் படையில். கடிதத்தோடு ஒரு தொப்பிக் கழுகோ பேட்ஜோ அந்தப் பக்கம் வந்திருக்கலாம். மும்பையின் பழைய கடைகளில் "போலந்து ஏர்ஃபோர்ஸ்" என்று எதையாவது நீட்டினால் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் அதற்கும் உண்டு.

புதிதாக ஆரம்பிக்கிறேன். எதை வாங்கலாம்?

கம்யூனிஸ்ட் காலத்து சாதாரணப் பேட்ஜ்கள். "முன்மாதிரி வீரர்" பேட்ஜ் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படியில் வந்தது. 1410-ஐயும் 1945-ஐயும் இரு வாள்களோடு சேர்த்துப் பொறித்த கிருன்வால்டு பேட்ஜும் நல்லது. முன்மாதிரி வீரர் பேட்ஜின் சாதாரணப் படியெல்லாம் ஓட்டல் சாப்பாட்டு விலைக்கே கிடைக்கும். அதைப் போலி செய்து யாருக்கும் லாபமில்லை. பத்து வாங்கி வைத்து, அடித்த உலோகம் லென்ஸில் எப்படி இருக்கும், நிஜமான தேய்மானம் எங்கே விழும் என்று கண்ணுக்குப் பழக்குங்கள். அதன்பிறகு 1939-க்கு முந்தையதில் கை வையுங்கள்.

வாங்கிய பிறகு நகல் என்று தெரிந்தால்?

முதலில் விற்பவரிடம் படங்களோடு நிதானமாக எழுதுங்கள். சிலர் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு விற்றவர் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாராசூட் கழுகை நான் விற்கவில்லை. முதுகில், தண்டுக்குக் கீழே, "கோபியா" என்று ஐந்து போலிஷ் எழுத்தை உளியால் அடித்து வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு லென்ஸைக் கொடுத்து முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் இன்னும் முன்பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார்கள்.